வாயால் சொன்ன கட்டளை

தலைவருடைய காரின் முன்கண்ணாடியில் ஒரு விரிசல் இருந்தது. சந்தைக்கு முன்னால் கூடி நின்றவர்களில் யாரோ எறிந்த கல் பட்ட இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியும், அதிலிருந்து சாரதியின் பக்கமாக இறங்கிய மூன்று கோடுகளும். கண்டியில் புதுக் கண்ணாடி போட்டுக்கொடுக்க ஆள் இருந்தும் அவர் அதை மாற்றவில்லை. மாதக்கணக்கில் அந்த விரிசலோடுதான் சபைக்கு வந்து போனார். "மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்க. எதிர்வெயில் பட்டா றோட்டே தெரிய மாட்டேங்குது" என்று சாரதி என்னிடம் முறையிட்டான். நான் சொன்னேன். "அவர்கள் பார்க்கட்டும்" என்று தலைவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். யார் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கல்லெறிந்தவர்களா, கல்லெறியாமல் வேடிக்கை பார்த்தவர்களா, சபைக்குள் அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தவர்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊரின் பெயர் இங்கே வேண்டாம். கண்டியிலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு மணிக்குள் போய்விடலாம். மகாவலிக் கரையை ஒட்டிய சிறு பட்டணம். தலைவரையும் சேர்த்து ஏழு பேர் கொண்ட ஒரு நகரசபை அதற்கு இருந்தது. தலைவர் சிங்களவர், தொழிலில் பிரக்கிராசி என்னும் வழக்கறிஞர், காலையில் கண்டிக் கோட்டில் வழக்குப் பார்த்துவிட்டுப் பிற்பகலில் சபைக்கு வருவார். நான் அதற்கு முன் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். மூன்று மொழியும் எழுதப் பேச வரும் என்பதால் சபையில் கிளாக்கர் வேலை கிடைத்தது. பழைய உத்தியோகத்தின் மிச்சமாக எல்லோரும் என்னை 'மாஸ்டர்' என்றே கூப்பிட்டார்கள். சபையின் விவாதங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலம் தெரியாத ஒரேயொரு உறுப்பினர் இருந்தார்: திகனைப் பக்கத்திலிருந்து வந்து கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி. அவரை ஊரே 'முதலாளி' என்று அழைத்தது. 'சொல்' என்பது அவர் வாயில் 'செல்' என்றுதான் வரும். கூட்ட நாட்களில் அவர் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, நடப்பதைத் தமிழில் அவருக்குச் சொல்வதும், அவர் பேசுவதை ஆங்கிலத்தில் சபைக்குச் சொல்வதும் என் கடமைகளில் ஒன்று.

தலைவரைப் பெரிய மனிதர் என்று எழுதினால் பொய்யாகும். சிறிய மனிதர் என்றாலும் பொய்தான். தலைமைக் கதிரையில் அவருக்கு ஆசை இருந்தது. அதை அவர் மறைத்ததில்லை. "கதிரையில் இருப்பவன் ஏதாவது செய்யலாம், வெளியே நிற்பவன் பேசத்தான் செய்யலாம்" என்பார். பட்டணத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர் அவர். குழாய் திறந்த அன்று எடுத்த புகைப்படத்தைத் தன் வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் மாட்டியவரும் அவர்தான். ஒருமுறை கண்ட முகத்தை மறக்கமாட்டார். வழக்குக்கு வரும் தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் தமிழும் பிடித்திருந்தார். ஆனால் சபையில் ஒருநாளும் அதைப் பேசியதில்லை. பிழையாகப் பேசுவது பதவிக்கு அழகல்ல என்று நினைத்திருக்கலாம்.

முப்பதுகளின் நடுவில் மழை பொய்த்து மகாவலி வற்றியது. யானை குளிக்கும் இடங்களில் எல்லாம் பாறை தெரிந்தது. பாறைகளுக்கிடையே தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. பிறகு மலேரியாக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலை அனுபவித்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை; அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. ஒரு வீட்டில் சமைக்க எழும்பக்கூடிய ஆள் ஒருவர் இருந்தால் அது கொடுத்துவைத்த வீடு. சபையின் மருந்துசாலை வாசலில் விடிந்ததிலிருந்து போத்தல்களோடு சனம் நின்றது. மருந்து கலந்து கொடுக்கும் அப்போதிக்கரி யாழ்ப்பாணத்தார், அவருக்கே காய்ச்சல். சால்வையைப் போர்த்துக்கொண்டு காய்ச்சலுக்கான கொயினா மருந்தைப் போத்தல்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை அவர் என் மேசைக்கு வந்து, "மாஸ்டர், கொயினா ரெண்டு பெட்டிதான் மிச்சம். கண்டியில இருந்து அடுத்தது எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வரி கட்டுற ஆக்களுக்கு மட்டும் வைக்கிறதோ, லயத்துக்கும் குடுக்கிறதோ? எனக்கு ஒரு சொல் வேணும்" என்றார்.

லயம் என்று அவர் சொன்னது ஆற்றோரத்தில் சபை கட்டியிருந்த நீண்ட தகரக் கூரைக் குடியிருப்பு. பட்டணத்தின் குப்பையையும் மலத்தையும் அள்ளிய நாற்பது குடும்பங்கள் அங்கே இருந்தன. எல்லோரும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். குட்டைகளுக்கு மிக அருகில் இருந்ததால் காய்ச்சல் அங்கேதான் முதலில் இறங்கியது. வரி கட்டுவோர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. மருந்துசாலை வரிப்பணத்தில் நடப்பது என்ற பேச்சு முன்பே இருந்தது.

தலைவர் கோட்டுக்குப் போகத் தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தபோது விறாந்தையில் அவரை மறித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆற்றுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "பாதியை லயத்துக்குக் கொடுங்கள்" என்றார். எழுத்தில் தருகிறீர்களா என்று கேட்டேன். "நேரமில்லை, வழக்கு கூப்பிட்டுவிடுவார்கள்" என்று படியிறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான். பின்னால் மூன்று மாதங்கள் ஊரைக் கலக்கிய அந்தக் கட்டளை, ஒரு மனிதன் தொப்பியைத் தலையில் வைக்கும் நேரத்துக்குள் பிறந்தது.

அன்றே ஒரு பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றி நானும் அப்போதிக்கரியும் லயத்துக்குப் போனோம். கதவு கதவாகப் போத்தல் வைத்தோம். ஒரு காம்பிரா அறையில், லயத்து ஆட்களை மேய்த்த கங்காணியின் மகள், இரண்டு வயதுப் பெண் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கண் மேலே செருகியிருந்தது. மருந்தைப் புகட்டியதும் கசப்பில் துப்பிவிட்டது. அவள் மூக்கைப் பிடித்து மறுபடி புகட்டினாள், மறுபடி துப்பியது. மூன்றாம் முறை இறங்கியது. "யாரு சாமி குடுத்துவிட்டது?" என்று கேட்டாள். "தலைவர்" என்றேன். "அந்தத் தொரை நல்லா இருக்கணும்" என்றாள். அந்த வாரம் லயத்தில் செத்தவர்கள் குறைவு.

பட்டணத்தில் மருந்து முடிந்தது. கண்டியிலிருந்து அடுத்த பெட்டிகள் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் மருந்துசாலை வாசலில் 'கொயினா இல்லை' என்று மூன்று மொழியில் நான் எழுதிய அட்டை தொங்கியது. அந்த நாட்களில் செத்தவர்களுக்குள் முதலாளியின் ராத்தாவும் ஒருவர். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா அவர். ஜனாஸா ஊர்வலம் போன பாதையில் கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. பாதிக் கடைகள் மரியாதைக்காக. மீதி, திறக்க ஆள் இல்லாமல்.

லயத்துக்கு ஒரு பெட்டி போன கதை வெளியே வந்தது. வண்டியில் போனதை ஊரே பார்த்திருந்தது. மறைப்பதற்கு எதுவும் இல்லை. உபதலைவர், அவரும் சட்டம் படித்தவர், பதவியை ராஜினாமாச் செய்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சிங்களத் துண்டுப்பிரசுரங்கள் வந்தன: 'எங்கள் மருந்து யாருக்குப் போனது?' கொழும்புப் பத்திரிகை ஒன்று கால் பத்தி எழுதியது. அதை வெட்டி எடுத்து ஒவ்வொரு தேநீர்க்கடையிலும் ஒட்டினார்கள். சந்தைக்கு முன்னால் தலைவருடைய காரில் கல் விழுந்தது அந்த நாட்களில்தான். தலைவரோடு ஐந்து பேர் இருந்த சபையில் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் அவரும் இரண்டு பேரும் மட்டும் மிஞ்சினார்கள். எதிரில் மூன்று பேர். நடுவில் முதலாளி. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கொடுத்த அறிவித்தலில் ஒரு கேள்விதான் முக்கியம்: லயத்துக்கு மருந்து அனுப்ப யார் கட்டளையிட்டது? பதிவேட்டில் அப்படி ஒரு கட்டளை இல்லை.

பதிவேட்டில் இல்லை என்றால், கிளாக்கர் தன்னிச்சையாகச் செய்தான் என்று சொல்ல வழி இருந்தது. தலைவருக்கு வேண்டிய ஒருவர் அதை வெளிப்படையாகவே பேசிக்கொண்டு திரிந்தார். கிளாக்கரும் தமிழன், லயத்து ஆட்களும் தமிழர், ஊர் நம்பும். ஒரு கிளாக்கரை வீட்டுக்கு அனுப்பினால் ஒரு தலைவர் தப்பிவிடுவார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு தலைவர் என்னைக் காரில் ஏறச் சொன்னார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே நிறுத்தச் சொல்லிவிட்டுச் சாரதியைத் தேநீர் குடிக்க அனுப்பினார். முன்கண்ணாடி விரிசலின் வழியே பாலம் மூன்று துண்டாகத் தெரிந்தது. என் பெண் பிள்ளைகள் இருவரும் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். மனைவியின் காய்ச்சல் எப்படி என்றார். தேறிவிட்டாள் என்றேன். பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார் என்பதும் தெரியும். 'பழியை என் மேல் போடுங்கள் ஐயா' என்ற ஐந்து சொல் என் நாக்கின் நுனியில் இருந்தது. அவரிடம் எனக்கு மரியாதை இருந்தது, நன்றியும் இருந்தது. ஆனால் நான் சொல்லவில்லை. ஆற்றில் ஒருவர் துணி அலசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாரதி வந்தான். திரும்பினோம். அந்த மௌனத்துக்காக நான் வெட்கப்பட்ட காலம் உண்டு; இப்போது இல்லை. அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் தங்களுக்கு உரியதைத்தான் காத்துக்கொண்டோம்.

கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. ஜன்னல்களுக்கு வெளியே சனம் நெருக்கியடித்து நின்றது. மூத்த உறுப்பினர் ஒருவர் தலைமைக் கதிரையில் உட்கார, தலைவர் கீழே மற்றவர்களோடு அமர்ந்தார். உபதலைவராக இருந்தவர் ஒரு மணிநேரம் பேசினார். நன்றாகவே பேசினார், இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். முதலாளியின் ராத்தா பெயர் வந்தபோது நான் தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு தலைவர் எழுந்தார். வறட்சியைப் பற்றியும், கண்டிக்கு அனுப்பிய தந்திகளைப் பற்றியும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒரு வாக்கியம் சொன்னார். வழக்கறிஞர்கள் இழைத்து இழைத்துச் செய்யும் வாக்கியம் அது. நான் முதலாளியின் காதருகே அதைத் தமிழில் வைத்தேன்: "லயத்துக்கு மருந்து கொடுக்கும்படி என்னிடமிருந்து எழுத்தில் எந்தக் கட்டளையும் போகவில்லை." ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லும்போதே என் வேலை போய்விட்டது என்று தெரிந்தது. வாக்கியத்தில் பொய் இல்லை.

முதலாளி கையை உயர்த்தினார். "நான் ஒண்டு கேக்கணும். மாஸ்டர், நீங்க இங்கிலீஸ்ல செல்லுங்க. எழுத்தால குடுக்கல்ல எண்டு செல்றார். சரி. அப்ப வாயால?"

அந்தக் கேள்வியை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்கு முன்னாலேயே தலைவருக்கு அது புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தேன். ஆனாலும் முறைப்படி எழுந்து நின்று சொன்னேன்.   தலைவர் என்னைப் பார்த்தார். பாலத்தருகே காரில் இருந்த நேரமும் இதுவும் ஒன்றாகவே தோன்றின. இம்முறை பேச வேண்டியவர் அவர். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதை மறுக்க என்னிடம் சாட்சி இல்லை.

அவர் முதலாளியின் பக்கம் திரும்பினார். சபையில் முதல்முறையாகத் தமிழில் பேசினார். "வாயால நான்தான் சொன்னது. மாஸ்டர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டது. நான் கொடுக்க இல்லை."

வெளியே கூச்சல் எழுந்தது.  கையைத் தூக்கும்படி கேட்டபோது தீர்மானத்துக்கு ஆதரவாக மூன்று கைகள்தான் எழுந்தன. எதிராக நான்கு. நான்காவது கை முதலாளியுடையது. தலைவர் தப்பிவிட்டார்.

படியிறங்கும்போது முதலாளியிடம், "ஏன் முதலாளி?" என்று கேட்டுவிட்டேன். "பொய் செல்லியிருந்தா கையத் தூக்கிருப்பன்" என்றார். கடைசிப் படியில் நின்று, "என்ட ராத்தாக்குக் கெடைக்கல்ல. ஆனா மருந்து களவு போகல்ல, மாஸ்டர். நோயாளிக்குத்தான் போயிருக்கு. அத நான் எப்படிக் குத்தம் எண்டு செல்றது?" என்றார். குடையை விரித்துக்கொண்டு கடைப்பக்கம் நடந்து போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். தலைவரின் படத்துக்குக் கீழே யாராவது எழுதியிருப்பார்கள். ஒரு வாக்கு வித்தியாசத்தில் தப்புவது ஒரு விசித்திரமான தப்புதல். மறுநாளிலிருந்து அந்த ஒரு வாக்கைப் பற்றிய கவலையோடுதான் அவர் விழித்தார். அடுத்த மாதம் வேறொரு தீர்மானம் வரும் என்று பேச்சு வந்தது. அதைத் தடுக்க ஒரு உறுப்பினருடைய மைத்துனனுக்குச் சந்தை மேற்பார்வையாளர் வேலை கொடுத்தார். அதற்கடுத்த மாதம் இன்னொரு உறுப்பினருடைய காணிக்காக ஒரு பாதையின் திசை மாறியது. உபதலைவராக இருந்தவரை மறுபடி உபதலைவராக்கினார். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறியது, நியாயமும் சொல்லலாம். கண்ணாடியும் ஒருநாள் மாறியிருந்தது. எப்போது மாற்றினார் என்று நான் கவனிக்கவில்லை.

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில், இந்தியாவிலிருந்து வந்தவர்களைக் கூலி வேலைகளிலிருந்து நீக்கி இந்த நாட்டாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற குரல் தீவு முழுவதும் ஓங்கியது. எங்கள் சபைக்கும் அது தீர்மானமாக வந்தது. முதலாளி எழுந்து, "இதுக்கு என்ட கையக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போனவர் திரும்பி வரவில்லை. அடுத்த தேர்தலில் நிற்கவும் இல்லை. தலைவர் தீர்மானத்தை எதிர்க்கவில்லை, திருத்தம் கொண்டுவந்தார். நாற்பது குடும்பத்தையும் அனுப்ப வேண்டாம், இருபது போகட்டும். திருத்தம் நிறைவேறியது.

அறிவித்தலைத் தமிழாக்க அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் கேட்காமலேயே விளக்கம் சொன்னார். "நான் எதிர்த்தால் அவர்கள் என்னை இறக்கிவிட்டு நாற்பதையும் அனுப்புவார்கள். நான் இருந்தால் பாதி மிஞ்சும். நீங்களே சொல்லுங்கள் மாஸ்டர், வேறென்ன செய்யலாம்?"  கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னது பிழையில்லை. இருபது குடும்பம் அங்கேயே இருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் பட்டணத்தில் இருக்கிறார்கள். அவர் பேனாவை எடுத்து மூன்று மொழிப் பிரதியிலும் கையெழுத்திட்டார். இந்தக் கட்டளை எழுத்தில் இருந்தது.

லயத்து முற்றத்தில் நின்று அதை வாசித்தது நான். பெயர்களை வாசித்தேன், நாளை வாசித்தேன், இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னார் வரை ரயில் சீட்டுக் கொடுக்கப்படும் என்பதை வாசித்தேன். முடிவில் 'சபையின் உத்தரவுப்படி' என்று வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன். கீழே இருந்த கையெழுத்து யாருடையது என்று சொல்லவில்லை. மொழிபெயர்ப்பில் நான் ஒன்றைக் குறைத்தது அந்த ஒருமுறைதான். அவருக்காகக் குறைத்தேனா, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காகவா, எனக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தலைவர் இரண்டாம் உலக யுத்த காலத்திலும் தலைவராகவே இருந்தார், தலைவராகவே காலமானார். பட்டணத்தில் ஒரு வீதிக்கு அவர் பெயர். நான் ஓய்வு பெற்றுக் கண்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் பத்திரிகையைப் பிரித்தால் ஏதாவதொரு நாட்டில், சில நாள் எங்கள் நாட்டிலேயே, ஒரு பிரதமரோ மந்திரியோ தப்புவாரா மாட்டாரா என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் நான் அரசியல் பார்த்தவன் என்று அபிப்பிராயம் கேட்பார்கள். வாக்குகளை எண்ணிச் சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே வரும். அதற்கு மேல் அவர்கள் கேட்பதில்லை.

அனுப்பப்பட்ட குடும்பங்கள் புறப்பட்ட அன்று நான் கண்டி ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். சீட்டுகளை ஒப்படைப்பது என் கடமை. ஒப்படைத்ததும் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. கங்காணி அதற்குள் இறந்துபோயிருந்தார். அவருடைய மகள் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். அன்று மருந்தைத் துப்பிய பிள்ளை ஆறு ஏழு வயதுச் சிறுமியாக, முடியில் எண்ணெய் வடிய, அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டு நின்றது. என்னைக் கண்டதும் அவள் எழுந்தாள்.

"மாஸ்டரய்யா, ஒண்ணு கேக்கவா? நமக்குக் காய்ச்ச மருந்து குடுத்துவிட்டாரே, அந்தத் தொரைய எறக்கிப்புட்டாங்களா?"

"ஏன் கேக்குறீங்க?"

"அவரு இருந்திருந்தா எங்கள அனுப்பியிருக்க மாட்டாரேன்னுதான். லயத்துல எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க."

தலைமன்னார் வண்டிக்கு மாறி ஏற வேண்டிய பொல்காவலைக்குப் போகும் ரயில் மேடையில் வந்து நின்றது. ஆட்கள் மூட்டைகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். அவள் அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. அவருதான் இப்பவும் தலைவர்" என்றேன்.

"அப்படிங்களா" என்றாள்.  மூட்டையைத் தலையில் ஏற்றி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றவர்களோடு பெட்டிக்குள் ஏறினாள்.